ஹோர்ட்டன் சமவெளியின் குட்டை மூங்கிலை வகைப்படுத்துவது எப்படி?

இலங்கையின் மலைநாட்டில் மூங்கில் என்றதும் பலரும் நினைப்பது பேராதனைத் தாவரவியற் பூங்காவின் இராட்சத மூங்கிலைத்தான். அது வெளியிலிருந்து கொண்டுவந்து நடப்பட்டது. நமது சுதேச மலை மூங்கிலைக் காண, ஏறத்தாழ 2100 மீற்றர் உயரத்திலுள்ள ஹோர்ட்டன் சமவெளிக்குச் சென்று, மரைகள் மேயும் புல்வெளியில் ஓடையோரமாக இடுப்பளவுக்கு அடர்ந்து நிற்கும் புதர்களைப் பார்க்க வேண்டும். நாணல் என்று எண்ணிக் கடந்துவிடாதீர்கள்.

கைவில்லை ஒன்றும் குறிப்பேடும் போதும். இது தேசியப் பூங்கா என்பதால் எதையும் பறிக்கவோ தோண்டவோ கூடாது.

முதற்படி, நிலத்தடித் தண்டைப் பார்ப்பது. ஓடைநீர் கரையை அரித்த இடத்தில் அது தானாகவே வெளியே தெரியும். தடித்துக் குறுகிய தண்டிலிருந்து கழிகள் நெருக்கமாக எழுவதைக் காண்பீர்கள். கொத்தாக வளர்வது வெப்பமண்டல மூங்கில், நீளப் படர்ந்து வளர்வது குளிர்நாட்டு மூங்கில் என்னும் எளிய விதியை மனப்பாடம் செய்தவர்கள் இங்கேயே தவறிவிடுவார்கள்; இது கொத்தாக வளர்ந்தாலும் குளிர்தாங்கும் மூங்கிலே.

இரண்டாம் படியாக, இளங்கழியைச் சுற்றியுள்ள உறையின் நிறம், மயிர், நுனியிலுள்ள இலை போன்ற சிறு அலகு ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் படிதான் முக்கியமானது. இலையைச் செடியிலிருந்து பிரிக்காமல் வெளிச்சத்துக்கு நேரே வளைத்துப் பிடித்து, வில்லையால் பாருங்கள். நீள நரம்புகளுக்கு இடையே குறுக்கு நரம்புகள் ஓடி, பன்பாய் முடைந்தாற்போலச் சிறு கட்டங்கள் தெரியும். வெப்பமண்டல மூங்கில்களின் இலைகளில் இக்கட்டங்கள் பெரும்பாலும் புலப்படுவதில்லை. குளிர்தாங்கும் மூங்கில்களிலேயே தெளிவாகத் தெரியும். தை, மாசியில் உறைபனி விழுந்து தேயிலைக் கொழுந்தைக் கருக்கும் இந்த உயரத்தில் அப்படியொரு மூங்கில் நிற்பதில் வியப்பில்லை.

மூங்கில் பல ஆண்டுகளுக்கு ஒருமுறையே பூக்கும் என்பதால் நான்காம் படி உங்களுக்கு வாய்க்காமல் போகலாம். பூ கிடைத்தால் மகரந்தக் கேசரங்களை எண்ணுங்கள். இதில் மூன்று இருக்கும். வெப்பமண்டல மூங்கில்களில் பெரும்பாலும் ஆறு.

இனி மேலிருந்து கீழாக எழுதுங்கள். குடும்பம் போவேசியே, அதாவது நெல்லும் கரும்பும் சேர்ந்த புற்குடும்பம், துணைக்குடும்பம் பம்புசோய்டியே, குலம் அருண்டினாரியே, சாதி குருனா, இனம் டென்சிபோலியா. இறுதிச் சொல்லுக்கு ‘அடர்ந்த இலையுடையது’ என்று பொருள். (நம் பாடநூல்கள் சாதி என்று குறிப்பிடுவதைத் தமிழகத்தில் பேரினம் என்பார்கள்.)

1868இல் வில்லியம் மன்றோ இதனை அருண்டினாரியா டென்சிபோலியா என்று பெயரிட்டு விவரித்தார். இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் வளரும் இதன் நெருங்கிய உறவினங்கள் ஒரு தனிக் கிளை என்று மரபணு ஆய்வு காட்டியதால், 2014இல் அவற்றுக்குக் குருனா என்னும் புதிய சாதி அமைக்கப்பட்டது. பழைய நூல்களிலும் உலர்தாவரத் தாள்களிலும் முன்னைய பெயரே இருக்குமாதலால், குறிப்பேட்டில் இரண்டையும் அருகருகே எழுதுங்கள். பார்த்த இடத்தின் உயரத்தையும் சேருங்கள்.

திரும்பும் வழியில், காட்டு மரங்களின் நிழலில் மெலிந்த கழிகளுடன் சாய்ந்து பற்றிப் படரும் மூங்கிலைக் கண்டால் அதற்கும் இதே பெயரை எழுதிவிட வேண்டாம். அது குருனா டெபிலிஸ் போன்ற வேறு இனமாக இருக்கலாம். மீண்டும் முதற்படியிலிருந்து தொடங்குங்கள்.