அலர்ஜி ரிப்போர்ட்டில் இறாலும் கரப்பானும் பாசிட்டிவா? இறாலை நிறுத்துமுன் இதைப் பாருங்கள்

பிள்ளைக்குத் தும்மல், மூக்கடைப்பு, ராத்திரியில் லேசான இளைப்பு என்று போய் ரத்தத்தில் அலர்ஜி பேனல் எடுத்து, ரிப்போர்ட்டில் பாதி வரிகள் தடித்த எழுத்தில் வந்துவிட்டால், வீட்டில் முதலில் மாறுவது சமையல்தான். இறால் கிடையாது, நண்டு கிடையாது, சில வீடுகளில் முட்டையும் மீனும்கூடக் கிடையாது. அந்த அவசரம் வேண்டாம். புழுத்தொற்று சகஜமான நம் ஊர்களில் இந்த ரிப்போர்ட்டைப் படிக்க ஒரு வரிசை இருக்கிறது, அதைப் பின்பற்றினால் பல பிள்ளைகளின் தட்டு தப்பிக்கும்.

ஒரு ரிப்போர்ட்டை எடுத்துக்கொள்வோம். மொத்த ஐஜிஇ (அலர்ஜியிலும் புழுத்தொற்றிலும் உடம்பு தயாரிக்கும் ஆன்டிபாடி, அதாவது எதிர்ப்புப் புரதம்) 1,400. தூசி உண்ணி 3.1, கரப்பான் 1.8, இறால் 1.2. வழக்கமாக 0.35-க்கு மேல் போனால் பாசிட்டிவ் என்று அச்சிடுவார்கள், அதனால் மூன்றுமே பாசிட்டிவ். ஆனால் இந்தப் பிள்ளை வாராவாரம் இறால் தொக்கு சாப்பிடுகிறான், ஒரு தடிப்புகூட வந்ததில்லை. அப்படியானால் 1.2 எங்கிருந்து வந்தது?

இறால், கரப்பான், தூசி உண்ணி, குடலில் வாழும் உருளைப்புழு எல்லாவற்றின் தசையிலும் ட்ரோபோமயோசின் என்றொரு புரதம் இருக்கிறது, இவற்றுக்குள் அது ஏறத்தாழ ஒரே அச்சில் வார்த்ததுபோல இருக்கும். (ஆடு, கோழித் தசையிலும் உண்டு, ஆனால் அது நம் உடம்பிலிருப்பதை நெருங்கி ஒத்திருப்பதால் பொதுவாக அலர்ஜியைக் கிளப்புவதில்லை.) புழுவை எதிர்க்க உடம்பு தயாரித்த ஐஜிஇ, லேபில் இறால் புரதத்தைக் காட்டினாலும் போய் ஒட்டிக்கொள்ளும். இதைத்தான் குறுக்கு வினை என்கிறோம். கருவி பொய் சொல்லவில்லை, ஒட்டியது உண்மை, ஆனால் அந்த ஆன்டிபாடி யாருக்காக உருவானது என்பதை அந்த எண் சொல்லாது. தலைகீழாகவும் நடக்கும்: தூசி உண்ணி அலர்ஜி மட்டுமே உள்ளவருக்கு ஆஸ்காரிஸ் (உருளைப்புழு) ஐஜிஇ பாசிட்டிவாக வரலாம், ஆகவே அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு வயிற்றில் புழு இருக்கிறது என்று முடிவு கட்டக் கூடாது.

சரி, என்ன செய்வது? முதலில் ரிப்போர்ட்டை மூடிவைத்துவிட்டு நடந்ததை எழுதுங்கள். எதைச் சாப்பிட்டு எவ்வளவு நேரத்தில் என்ன ஆனது? உணவு அலர்ஜி பெரும்பாலும் சில நிமிடங்களில், அதிகம் போனால் இரண்டு மணி நேரத்துக்குள் காட்டிவிடும். சாப்பிட்டு ஒன்றுமே ஆகாத உணவை எண்ணுக்காக நிறுத்த வேண்டியதில்லை. ஆனால் இறால் சாப்பிட்டு உதடு வீங்கியது, மூச்சு திணறியது என்றால் எண் 0.4 ஆக இருந்தாலும் அது அலர்ஜி என்றே வைத்துக்கொள்ளுங்கள், வீட்டில் கொஞ்சம் கொடுத்துப் பார்க்கும் சோதனை கண்டிப்பாக வேண்டாம்.

அடுத்து ரத்த அணுக்களின் ரிப்போர்ட். ஈசினோஃபில் (அலர்ஜியிலும் புழுத்தொற்றிலும் ஏறும் ஒரு வகை வெள்ளை அணு) சதவீதத்தை மட்டும் பார்க்காமல் மொத்த வெள்ளை அணுக்களோடு பெருக்குங்கள். 9,000 அணுக்கள், ஈசினோஃபில் 14 சதவீதம் என்றால் 1,260. 500-க்குள் இருந்தால் இயல்பு. சாதாரண மூக்கு அலர்ஜி, ஆஸ்துமாவில் கொஞ்சம் ஏறும்தான், ஆனால் 1,500-ஐத் தாண்டினால் புழுவை முனைப்பாகத் தேட வேண்டும். யானைக்கால் நோய் இருந்த பகுதியில் வசிப்பவர், ராத்திரியில் இருமலும் இளைப்பும், எண்ணிக்கை 3,000-க்கு மேல் என்றால் அது ஆஸ்துமா அல்லாமல் ஃபைலேரியா புழுவால் வரும் நுரையீரல் ஈசினோஃபிலியாவாக இருக்கலாம், டாக்டரிடம் இந்தப் பெயரைச் சொல்லியே கேளுங்கள். இதில் ரத்தத்தில் புழுவின் குஞ்சுகள் பெரும்பாலும் கிடைக்காது. ஃபைலேரியா ஆன்டிபாடி அதிகமாக இருக்கும், அதுவும் வேறு புழுக்களால் ஏறக்கூடியதுதான், அதனால் ஃபைலேரியா புழுவுக்கான டிஇசி மாத்திரையை மூன்று வாரம் கொடுத்து இளைப்பும் எண்ணிக்கையும் இறங்குகிறதா என்று பார்ப்பதும் நோயறிதலில் ஒரு பகுதி.

பிறகு மலப் பரிசோதனை. ஒரு தடவை நெகட்டிவ் வந்தால் போதாது, மூன்று வெவ்வேறு நாள் கொடுங்கள். உருளைப்புழுவின் குஞ்சுகள் தொற்றிய ஓரிரு வாரத்தில் நுரையீரல் வழியாகப் போகும், இளைப்பு அப்போதே வரலாம், ஆனால் மலத்தில் முட்டை தெரிய இரண்டு மூன்று மாதம் ஆகும். ஸ்ட்ராங்கிலாய்டிஸ் என்ற குடல்புழு இன்னும் நழுவக்கூடியது, சாதாரண மலப் பரிசோதனையில் அடிக்கடி தப்பிவிடும், அதற்கு ஆன்டிபாடி பரிசோதனை உதவும், ஆனால் ஃபைலேரியா உள்ளவருக்கும் அது பாசிட்டிவ் ஆகலாம். நாய், பூனையிடமிருந்து வரும் டாக்ஸோகாரா புழுவுக்கான எலைசா என்ற ஆன்டிபாடி பரிசோதனையும் ஆஸ்காரிஸ் இருந்தால் குழம்பும், அதை வெஸ்டர்ன் பிளாட் செய்து உறுதிப்படுத்தச் சொல்ல வேண்டும்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். ஈசினோஃபில் ஏன் ஏறியது என்று தெரியாமல் இளைப்புக்காக நாள்கணக்கில் ஸ்டீராய்டு மாத்திரை விழுங்காதீர்கள். உள்ளே ஸ்ட்ராங்கிலாய்டிஸ் இருந்தால் அது உடம்பு முழுக்கப் பெருகி உயிருக்கே ஆபத்தாகும். பள்ளியில் கொடுக்கும் 400 மில்லிகிராம் அல்பெண்டசோல் உருளைப்புழுவுக்கு நன்றாக வேலை செய்யும், ஸ்ட்ராங்கிலாய்டிஸுக்கு ஒரே மாத்திரை போதாது, அதற்கு ஐவர்மெக்டின் தேவைப்படும். அவசர மூச்சுத்திணறலில் டாக்டர் கொடுக்கும் மருந்தைத் தடுக்கச் சொல்லவில்லை, புழு பற்றியும் பார்த்தாயிற்றா என்று கேட்கச் சொல்கிறேன்.

இவ்வளவுக்குப் பிறகும் தூசியா புழுவா என்ற சந்தேகம் இருந்தால் தனித்தனிப் புரதமாகப் பார்க்கும் பரிசோதனை இருக்கிறது. தூசி உண்ணியின் புரதங்களான டெர் பி 1, டெர் பி 2 பாசிட்டிவ் என்றால் உண்மையான தூசி உண்ணி அலர்ஜிக்கே வாய்ப்பு அதிகம். டெர் பி 10 மட்டும் பாசிட்டிவ் என்றால் அதுதான் ட்ரோபோமயோசின், குறுக்கு வினையைச் சந்தேகிக்கலாம். செலவு அதிகம், எல்லாருக்கும் தேவையில்லை. தோலில் குத்திப் பார்க்கும் பரிசோதனைக்குப் போவதாக இருந்தால் அலர்ஜி மாத்திரையை எத்தனை நாள் முன்பு நிறுத்துவது என்று கேட்டுக்கொள்ளுங்கள், ரத்தப் பரிசோதனைக்கு அந்தக் கவலை இல்லை. நூறு உணவுக்கு ஐஜிஜி (ஐஜிஇ அல்லாத வேறொரு ஆன்டிபாடி) பார்க்கிறோம் என்று விற்கும் பேக்கேஜுக்குப் பணம் கொடுக்காதீர்கள், அது சாப்பிட்டதைக் காட்டுமே தவிர அலர்ஜியைக் காட்டாது.

புழுவுக்கு மருந்து கொடுத்த மறுவாரமே ஐஜிஇ எடுத்துக் குறையவில்லையே என்று பதற வேண்டாம், அது மெதுவாகத்தான் இறங்கும், புழு செத்த பிறகும் ஆன்டிபாடி மாதக்கணக்கில் நிற்கும். ஓரிரு மாதம் கழித்து ஈசினோஃபில் எண்ணிக்கையைப் பாருங்கள். ரிப்போர்ட்டைப் பார்த்து ஏற்கெனவே ஒரு வருஷமாக இறாலை நிறுத்தியிருந்தால், திரும்பத் தொடங்கும் முதல் நாளை மட்டும் அலர்ஜி டாக்டரின் மேற்பார்வையில் வைத்துக்கொள்ளுங்கள்.