யுடில்ஸ் பரணைக் காலி செய்வது எப்படி?

தமிழ் உரையைக் கையாளும் சிறிய பைத்தான் நூலகம் ஒன்றைக் கட்டற்ற மென்பொருளாகப் பராமரித்து வருகிறேன். அதில் 'யுடில்ஸ்' என்றொரு கோப்பு இருந்தது. எங்கே வைப்பதென்று தெரியாததையெல்லாம் தூக்கிப் போடும் பரண். புதிதாகப் பங்களிக்க வந்த ஒருவர், அங்கே ஏற்கெனவே கிடந்த எழுத்து எண்ணியைக் காணாமல் இன்னொன்றை எழுதி அனுப்பினார். அவர்மேல் குற்றமில்லை.

முதலில் ஒவ்வொரு செயற்கூறையும் (ஃபங்ஷன்) யார் அழைக்கிறார்கள் என்று தேடிக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரே இடத்திலிருந்து மட்டும் அழைக்கப்படுவது பொதுச்சொத்தே அல்ல, அழைப்பவரிடமே அனுப்பிவிடுங்கள். என் பரணில் பாதிக்கு மேல் அப்படியே காலியானது.

மிஞ்சியதற்குப் பெயர் வைக்க, அதன் வேலையை 'இதையும் அதையும்' என்று 'உம்' போட்டு இணைக்காமல் ஒரே வரியில் சொல்லிப் பாருங்கள். 'எழுத்துகளைப் பிரிக்கும்' என்றால் சரி. 'எழுத்துகளைப் பிரிக்கும், தேதியையும் மாற்றும்' என்றால் அது இரண்டு மாட்யூல், அதாவது இரண்டு தனிக் கோப்பு. 'நன்றி' என்ற சொல்லின் நீளத்தைக் கேட்டால் பைத்தான் 5 என்கிறது. நமக்கோ ந, ன், றி என மூன்றே எழுத்து. இதற்குத் தீர்வு தேடி வருபவர் கோப்புறையில் 'எழுத்து' என்ற பெயரைத்தான் தேடுவார், யுடில்ஸை அல்ல.

பெயர் சிறியதாக இருக்கட்டும். ஆனால் அது பைத்தானின் உள்நூலகத்தில் ஏற்கெனவே இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். சொற்பிரிப்புக்கு நான் 'டோக்கன்' என்று வைத்தேன். அதே கோப்புறையிலிருந்த சிறு நிரலை ஓட்டியதும், தொடர்பே இல்லாத இடத்தில் பிழை. பைத்தானுக்கே டோக்கன் என்ற மாட்யூல் உண்டு. அதை டோக்கனைஸ் என்ற இன்னோர் உள்மாட்யூல் அழைக்கிறது, டோக்கனைஸை இன்ஸ்பெக்ட் என்ற மற்றொன்று அழைக்கிறது. ஓட்டும் நிரல் இருக்கும் கோப்புறையைத்தான் பைத்தான் முதலில் தேடும் என்பதால், என் கோப்பு நடுவழியில் மறித்துக்கொண்டு நின்றது. ஒரு மாலைப்பொழுது அதிலேயே போயிற்று.

பொது மாட்யூல் மற்றவற்றை அழைக்கக் கூடாது. மற்றவைதாம் அதை அழைக்க வேண்டும். இதை மீறினால் இரண்டும் ஒன்றையொன்று அழைக்கும் சுழல் அழைப்பில் மாட்டிக்கொள்வீர்கள்.

பழைய கோப்பை உடனே அழித்துவிடாதீர்கள். புதிய இடத்திலிருந்து எடுத்துக் கொடுக்கும் சில வரிகளையும் ஓர் எச்சரிக்கையையும் அதில் விட்டுவையுங்கள். இவ்வகை எச்சரிக்கையைப் பைத்தான் பெரும்பாலும் பயனருக்குக் காட்டாமல் விழுங்கிவிடும். ஆகவே வெளியீட்டுக் குறிப்பிலும் எழுதுங்கள். நான் இரண்டு பதிப்புகள் காத்திருந்து நீக்கினேன். ஒரே ஒருவர்தான் கோபமாக எழுதினார்; இடையிலிருந்த இரண்டையும் ஒரே தாவாகத் தாண்டி வந்தவர்.