மதிப்பீட்டு வரி ஏறினால் எடுபடும் ஆட்சேபனை எழுதுவது எப்படி

மதிப்பீட்டு வரி என்பது நம் வீட்டுக்கு நகராண்மைக் கழகம் போடும் வரி. வீடுகளின் மதிப்பைத் திருத்திய புதிய மதிப்பீட்டுப் பட்டியல் அறிவிப்பு வந்ததும், மலேசியாவின் சிலாங்கூரில் பத்தாங் பெர்ஜுந்தை (இன்றைய பெஸ்தாரி ஜெயா) மாதிரி தோட்டப்புற ஊர்களில் பலர் எழுதுவது ஒரே கடிதம்தான்: ‘பென்ஷனில் வாழ்கிறோம், கட்ட முடியாது.’ அது சலுகை கேட்கும் மனு, ஆட்சேபனை ஆகாது. 1976ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டத்தின் 142ஆவது பிரிவு கேட்பது வேறு. வீட்டுக்குப் போட்ட மதிப்பு கூடுதல் என்று காட்ட வேண்டும். பட்டியலின் மறுபரிசீலனைக்குக் குறித்த தேதிக்கு 14 நாள் முன்னதாகவே எழுத்துமூலம் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிவிடுங்கள்.

சிலாங்கூரில் வரிக்கு அடிப்படை ஆண்டு மதிப்பு. ஜொகூரில் முறை வேறு. ஆண்டு மதிப்பு என்பது அந்த வீட்டுக்கு ஒரு வருடத்தில் நியாயமாகக் கிடைக்கக்கூடிய வாடகை. மாதம் 500 ரிங்கிட் என்றால் மதிப்பு 6,000. விகிதம் 5 விழுக்காடு என்று வைத்துக்கொண்டால் வரி 300. புதுப் பட்டியலில் வாடகையை 700 என்று போட்டால் மதிப்பு 8,400, வரி 420. ‘விகிதத்தை நாங்கள் தொடவில்லையே’ என்பார்கள் கழகத்தார். உண்மைதான், ஆனால் நீங்கள் கட்டுவது 40 விழுக்காடு கூடிவிட்டது. ஊர் முழுக்க மதிப்பு இதே அளவில் ஏறியிருந்தால், பழைய வசூலே வர விகிதம் ஏறக்குறைய 3.57க்கு இறங்க வேண்டும். இறக்காவிட்டால் அது வரி உயர்வுதான். அந்தக் கூடுதல் பணம் எதற்கு என்று சொல்ல வேண்டியது நகராண்மைக் கழகம்.

மதிப்பை உடைக்க வாடகை ஆதாரம் வேண்டும். அதே வரிசையில், அதே அளவு வீடுகளின் முத்திரை வரி கட்டிய ஒப்பந்தங்கள் மூன்று இருந்தால் நல்லது. இணைய விளம்பரத்தில் இருப்பது கேட்கும் விலை. கட்டில், ஏர்கோன் எல்லாம் சேர்ந்திருக்கும். வெளிநாட்டுத் தொழிலாளர்களைத் தலைக்கு இவ்வளவு என்று தங்கவைக்கும் வீட்டு வாடகையோடு குடும்ப வீட்டை ஒப்பிட்டிருந்தால் அதைக் குறிப்பிடுங்கள். பின்பக்கம் எண்ணெய்ப்பனை ஆலை வாடையா, மழைக்கு நிரம்பும் கால்வாயா? தேதியோடு படம் எடுத்து இணையுங்கள்.

கழகத்தின் செலவைப் பற்றிய வாதம் தனிக் கடிதம். மதிப்பு ஆட்சேபனையோடு அதைக் கலந்தால் விசாரணையில் இரண்டும் எடுபடாமல் போகும். விகிதத்துக்கு மாநில அரசின் ஒப்புதல் தேவை. சட்டம் விடும் உச்சவரம்போ ஆண்டு மதிப்பில் 35 விழுக்காடு, அதை நம்பி உட்கார முடியாது. ஊராட்சித் தேர்தல் 1965இல் நிறுத்தப்பட்டதிலிருந்து கழக உறுப்பினரை நாம் தேர்ந்தெடுப்பதில்லை. அதனால் இந்தச் செலவுக் கடிதம் கழகத் தலைவருக்கும் சட்டமன்ற உறுப்பினருக்கும் சேர்ந்தே போகட்டும்.

கழகத்தின் கடைசி மூன்று ஆண்டுக் கணக்கில் சம்பளம், குப்பை ஒப்பந்தம், வரி நிலுவை ஆகிய மூன்றை மட்டும் பாருங்கள். கிடைக்காவிட்டால் சிலாங்கூரின் 2011 தகவல் சுதந்திரச் சட்டத்தின்கீழ் கேட்கலாம். நிலுவைதான் வலுவான பிடி: கட்டாதவர்களிடம் வசூலிக்காமல் ஒழுங்காகக் கட்டுபவர்களிடமே ஏன் கூட்டுகிறீர்கள்? குப்பை அள்ளும் செலவு ஏறியிருந்தால் மறுக்க வேண்டாம். ‘எல்லாம் வீண்செலவு’ என்று எழுதினால் கடிதம் கோப்புக்குள் போய்விடும். ஒரே ஒரு செலவைத் தொகையோடு கேட்டால் பதில் சொல்லியாக வேண்டும்.

ஆட்சேபனை போட்டாலும் பிப்ரவரி, ஆகஸ்ட் முடிவுக்குள் கட்டிவிடுங்கள். கட்டாமல் விட்டால் அபராதம், பிறகு ஜப்தி வாரண்ட்.