எச்சரிக்கை மணி அடிக்கிறது, எடுத்துப் பேச ஆளில்லை: சமுதாயக் கல்லூரிகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவில் ‘கம்யூனிட்டி காலேஜ்’ என்பது பெரும்பாலும் இரண்டாண்டு அரசுக் கல்லூரி. கட்டணம் குறைவு, சேர்க்கையில் பெரிய வடிகட்டல் கிடையாது. அதனால் பகலில் வேலை பார்ப்பவர்கள், கைக்குழந்தை வைத்திருப்பவர்கள், குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசல் மிதிப்பவர்கள் அங்கே ஏராளம். பாடம் வராமல் படிப்பை நிறுத்துபவர்களும் உண்டு. நிரப்பாத ஒரு படிவம், கட்டாத ஒரு பாக்கி, ஓடாத ஒரு கார் காரணமாக நிற்பவர்களும் உண்டு. இவர்களைத் தக்கவைக்கத்தான் குறுஞ்செய்தி, சாட்பாட், படிப்பை விடக்கூடியவர்களைக் காட்டும் எச்சரிக்கை மென்பொருள் எல்லாம். இந்தக் கருவிகள் சொன்ன வேலையைப் பெரும்பாலும் செய்துவிடுகின்றன. சிக்கல் அதற்கு அடுத்த கட்டத்தில், கருவி காட்டிய மாணவரிடம் யார் பேசுவது என்பதில் வருகிறது.

ஆள் கணக்குப் போடாமல் மென்பொருள் வாங்குவது

6,000 மாணவர்கள் உள்ள ஒரு கல்லூரியை எடுத்துக்கொள்வோம். மென்பொருள் 15 சதவீதம் பேருக்குச் சிவப்புக் கொடி காட்டுகிறது, அதாவது 900 பேர். இரண்டு முறை அழைத்துப் பார்ப்பது, ஒரு முறை பேசுவது, பேசியதைக் குறித்து வைப்பது எல்லாம் சேர்த்து ஒருவருக்கு 20 நிமிடம். மொத்தம் 300 மணி நேரம். மூன்று ஆலோசகர்கள், மற்ற வேலை போக ஆளுக்கு வாரம் 15 மணி நேரம் என்றால் வாரத்துக்கு 45 மணி நேரம்தான் கையில் இருக்கிறது. பட்டியலைப் பேசி முடிக்க ஏறக்குறைய ஏழு வாரம் ஆகும். ஐந்தாம் வாரத்தில் தொடங்கினால், கடைசி மாணவருக்கு அழைப்பு போகும்போது 15 வாரப் பருவத்தில் 11 வாரம் ஓடியிருக்கும்.

கணக்கைத் தலைகீழாகப் போட வேண்டும். 45 மணி நேரத்தில் 135 பேரிடம் பேச முடியும் என்றால், வாரத்துக்கு 135 பெயருக்கு மேல் வராதபடி வரம்பை வையுங்கள். மீதிப் பேரைக் கைவிடுகிறோமே என்று தோன்றும். ஆனால் 900 பேர் பட்டியலைப் பார்த்து மலைத்துப்போய் யாரையுமே அழைக்காத அலுவலகத்தைவிட இது மேல்.

ஆள் போட்டுச் செய்தால் என்ன ஆகும் என்பதற்கு நியூயார்க் நகரப் பல்கலைக்கழகம் 2007-இல் தொடங்கிய ‘ஏ.எஸ்.ஏ.பி.’ திட்டம் நல்ல சான்று. தொடக்க ஆண்டுகளில் ஓர் ஆலோசகருக்கு 60 முதல் 80 மாணவர்கள்தான். வழக்கமான ஏற்பாட்டில் அந்த எண்ணிக்கை 600-க்கும் மேல். கூடவே இலவசப் போக்குவரத்து அட்டை, பாடநூல் உதவி, கட்டணத்தில் விழும் துண்டுக்கு விலக்கு. குலுக்கல் முறையில் நடந்த ஆய்வில், மூன்றாண்டுக்குள் பட்டம் பெற்றவர்கள் இந்தத் திட்டத்தில் 40 சதவீதம், திட்டத்துக்கு வெளியே 22 சதவீதம். ஒரு மாணவருக்கான செலவு கூடியது உண்மை. ஒரு பட்டத்துக்கு ஆன செலவு குறைந்தது.

காலம் கடந்த சமிக்ஞை

இடைப்பருவ மதிப்பெண் வந்த பிறகு அனுப்பும் எச்சரிக்கை இரங்கல் கடிதம்போல. கலிஃபோர்னியாவில் பருவத்தின் 20 சதவீதம் முடியும்போது பதிவுக் கணக்கெடுப்பு நாள் வந்துவிடும். டெக்சாஸில் நீண்ட பருவத்தில் வகுப்புகள் நடக்கும் 12-ஆவது நாளில். பாடத்தை மாற்ற, கட்டணத்தைத் திரும்பப் பெற உள்ள வாய்ப்புகள் அதற்குள்ளாகவே சுருங்கிவிடும். எனவே முதல் இரண்டு வாரத்தில் கிடைக்கும் எளிய தகவல்தான் விலை மதிப்புள்ளது: முதல் வகுப்புக்கு வந்தாரா, முதல் பயிற்சியை ஒப்படைத்தாரா, இணைய வகுப்பறைக்குள் நுழைந்தாரா.

இதிலும் ஒரு பொறி உண்டு. ‘கேன்வாஸ்’ போன்ற இணைய வகுப்பறைத் தளத்தை எல்லா ஆசிரியர்களும் பயன்படுத்துவதில்லை. அச்சடித்த தாளில் பாடம் நடத்துபவரின் வகுப்பில் எல்லா மாணவர்களும் ‘உள்ளே நுழையாதவர்கள்’தான். முதல் வாரமே எந்தெந்தப் பாடங்களில் தளம் உண்மையில் புழக்கத்தில் இருக்கிறது என்று பிரித்து, மற்றப் பாடங்களுக்கு ஆசிரியரிடமிருந்து வருகைப் பட்டியல் மட்டும் வாங்குங்கள். இல்லாவிட்டால் ஒழுங்காக வரும் மாணவரை அழைத்து ‘ஏன் வரவில்லை’ என்று கேட்க நேரும். அவர் அடுத்த முறை உங்கள் எண்ணைப் பார்த்தால் எடுக்க மாட்டார்.

எல்லோருக்கும் ஒரே குறுஞ்செய்தி

பென் காஸில்மன், லிண்ட்சே பேஜ் இருவரும் 2016-இல் வெளியிட்ட ஆய்வு பரவலாக மேற்கோள் காட்டப்படுகிறது. கல்வி நிதி உதவிக்கான ‘ஃபாஃப்சா’ படிவத்தை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும் என்று முதலாண்டு மாணவர்களுக்குக் குறுஞ்செய்திகள் போயின. சமுதாயக் கல்லூரிகளில், செய்தி பெற்றவர்கள் இரண்டாம் ஆண்டின் வசந்தப் பருவத்திலும் தொடர்வது கிட்டத்தட்ட 14 சதவீதப் புள்ளி அதிகமாக இருந்தது. இதைப் படித்துவிட்டுப் பல கல்லூரிகள் செய்தி அனுப்பும் சேவையை வாங்கின. பிறகு எட்டு லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்களிடம் நாடு தழுவிய அளவில் இதேபோன்ற நினைவூட்டல்களைச் சோதித்தபோது பலன் ஏதும் தெரியவில்லை.

எங்கள் கணிப்பில் வேறுபாடு அனுப்பியவரிடம் இருக்கிறது. முதல் ஆய்வில் செய்தி அனுப்பியது, மாசசூசெட்ஸ் மாணவர்களுக்கு ஏற்கெனவே அறிமுகமான ‘யுஆஸ்பையர்’ அமைப்பு. பதில் எழுதினால் உதவிக்கு ஆலோசகர் இருந்தார். பெரிய சோதனையில் செய்தி தொலைவிலிருந்து வந்தது. ‘ஃபாஃப்சாவை மறக்காதீர்கள்’ என்று மொத்தமாக அனுப்பாதீர்கள். முடிக்காதவர்களை மட்டும் பிரித்து, எந்தப் படி பாக்கி என்று சொல்லி, ‘வியாழன் 4 மணிக்குப் போனில் சேர்ந்து முடிக்கலாமா?’ என்று கேளுங்கள். இப்போதைய படிவத்தில் பெற்றோரின் விவரம் தேவைப்பட்டால் அவர்களும் தனிக் கணக்குத் தொடங்கிச் சம்மதம் தந்து கையொப்பமிட வேண்டும். பலரும் நின்றுபோகும் இடம் அது.

சில நுணுக்கங்கள். ஒரு எஸ்எம்எஸ்ஸில் 160 எழுத்து அடங்கும். ஆனால் ஓர் இமோஜியோ, வேர்டிலிருந்து ஒட்டும்போது வரும் வளைந்த மேற்கோள் குறியோ இருந்தால் வரம்பு 70 ஆகிவிடும். ஒரே செய்தி மூன்றாக உடைந்து மூன்று மடங்கு செலவாகும். ஸ்பானிஷ் செய்திக்கும் இதே கதிதான், அதன் அழுத்தக்குறி எழுத்துகள் சில அடிப்படைத் தொகுப்பில் இல்லை. வழக்கமான பத்து இலக்க எண்ணிலிருந்து மொத்தச் செய்தி அனுப்பும் நிறுவனம் முன்பதிவு செய்யாவிட்டால் அமெரிக்க நெட்வொர்க்குகள் தடுத்துவிடும். பொதுவான சுருக்க இணைப்புகளும் ஸ்பாம் வடிகட்டியில் சிக்கும்; கல்லூரியின் சொந்த முகவரியையே கொடுங்கள்.

நூலகம், விளையாட்டுத் துறை, கட்டண அலுவலகம் எல்லாம் ஒரே எண்ணில் அனுப்பினால், கால்பந்துச் செய்தியால் எரிச்சலாகி ‘ஸ்டாப்’ என்று பதில் போட்ட மாணவருக்கு நிதி உதவிச் செய்தியும் போகாது. யார் எப்போது எதை அனுப்பலாம் என்ற நாட்காட்டி ஒருவர் கையில் இருக்கட்டும். ப்ரீபெய்டு எண்கள் அடிக்கடி மாறும், பழைய எண் வேறொருவர் கைக்குப் போகும். ஆகவே ஒவ்வொரு பதிவின்போதும் எண்ணை உறுதிப்படுத்துங்கள். மதிப்பெண், பாக்கித் தொகை, தகுதிக் கண்காணிப்பு போன்றவற்றைக் குறுஞ்செய்தியில் எழுதாதீர்கள். மாணவர் பதிவுகளைக் காக்கும் 1974-ஆம் ஆண்டின் ‘ஃபெர்பா’ சட்டம் நினைவிருக்கட்டும்.

சாட்பாட்டிடம் எல்லாவற்றையும் ஒப்படைப்பது

ஜார்ஜியா மாநிலப் பல்கலைக்கழகம் 2016-இல் ‘பவுன்ஸ்’ என்ற சாட்பாட்டைக் கொண்டுவந்தது. இடம் கிடைத்த பிறகு கோடையில் காணாமல் போகும் மாணவர்களின் எண்ணிக்கை ஐந்தில் ஒரு பங்கு அளவு குறைந்தது. அது நான்காண்டுப் பல்கலைக்கழகம், ஆனால் பாடம் பொதுவானது: மாணவரின் கோப்பில் எது நிலுவையோ அதைப் பற்றித்தான் அது பேசியது, தெரியாத கேள்வியை ஊழியருக்குத் தள்ளியது.

ஒரே பதில் உள்ள கேள்விகளுக்குத்தான் பாட். கடைசித் தேதி எது, படிவம் எங்கே, அலுவலகம் எத்தனை மணிவரை. ஒவ்வொரு பதிலுக்கும் ஒரு பொறுப்பாளரும் ஒரு காலாவதித் தேதியும் வையுங்கள். போன ஆண்டின் கடைசித் தேதியைச் சொல்லும் பாட் இல்லாததைவிட மோசம். வீடு, பசி, வேலை போனது என்ற சொற்கள் வந்தால் மனிதரிடம் மாற்ற வேண்டும், ஒரு வேலை நாளுக்குள் பதில் போக வேண்டும். உயிரை மாய்த்துக்கொள்ளும் பேச்சு வந்தால் 988 உதவி எண்ணை அந்த நொடியே காட்டி, பொறுப்பில் உள்ளவருக்கும் தகவல் போக வேண்டும். தான் மனிதர் அல்ல என்பதைப் பாட் முதல் வரியிலேயே சொல்லட்டும்.

‘பாடத்தை விட்டுவிடு’ என்ற அவசர அறிவுரை

மதிப்பெண் சரிகிறது என்றதும் ஆலோசகர்கள் சொல்வது இதுதான். 12 கிரெடிட்டிலிருந்து 9-க்கு இறங்கினால், தேதியைப் பொறுத்து, கூட்டாட்சி அரசு தரும் ‘பெல்’ உதவித்தொகை குறையலாம். கணக்கெடுப்புக்குப் பிறகு விட்டால், எடுத்த கிரெடிட்டில் ஏறக்குறைய 67 சதவீதத்தையாவது முடித்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையில் அடி விழும். எல்லாப் பாடங்களையும் பருவத்தின் 60 சதவீதத்துக்கு முன் விட்டால், கூட்டாட்சி உதவியின் ஒரு பகுதியைத் திருப்ப வேண்டும். அது மாணவர் தலையில் கடனாக நிற்கும். நிதி உதவி அலுவலகத்தைக் கேட்காமல் இந்த அறிவுரை போகக்கூடாது.

அவசரப் பண உதவிக்கும் இது பொருந்தும். டெக்சாஸின் ஃபோர்ட் வொர்த் பகுதியில் நடந்த ‘ஸ்டே தி கோர்ஸ்’ சோதனையில் பணம் மட்டும் கொடுத்ததில் பலன் தெரியவில்லை. சமூகப் பணியாளர் கூடவே நின்றபோது, குறிப்பாகப் பெண்களிடம், படிப்பு தொடர்ந்தது.

பதில் போட்டவர்களை வைத்துப் பலனை அளப்பது

‘எங்களிடம் பேசியவர்களில் அதிகம் பேர் தொடர்ந்தார்கள்’ என்ற வரி பல அறிக்கைகளில் இருக்கிறது. பேச வந்தவர் ஏற்கெனவே தொடரும் எண்ணமுள்ளவர். மாணவரின் நிலையைப் போக்குவரத்து விளக்கு நிறத்தில் காட்டிய, பர்டூ பல்கலைக்கழகத்தின் ‘கோர்ஸ் சிக்னல்ஸ்’ மென்பொருளுக்கு 2013-இல் இதுபோன்ற கேள்வி எழுந்தது: அந்த விளக்கு உள்ள பாடங்களை அதிகம் எடுத்ததால் மாணவர்கள் தொடர்ந்தார்களா, தொடர்ந்ததால் அத்தகைய பாடங்களை அதிகம் எடுக்க நேர்ந்ததா?

ஆள் பற்றாக்குறை இங்கே கைகொடுக்கும். ஒரு வாரம் 270 பேர் ஒரே அளவு ஆபத்தில் இருந்து, அந்த வாரம் 135 பேரிடம்தான் பேச முடியும் என்றால், அந்த 135 பேரைக் குலுக்கலில் தேர்ந்தெடுங்கள். அடுத்த பருவத்தின் கணக்கெடுப்பு நாளில் இரு பக்கமும் எத்தனை பேர் பதிவில் இருக்கிறார்கள் என்று எண்ணுங்கள். அழைத்தும் போனை எடுக்காதவர்கள், அழைக்கப்பட்டவர்கள் கணக்கிலேயே இருக்க வேண்டும்.