கப் ஸ்கவுட் குழுவோடு முதல் குடும்ப முகாம்: புதிய பெற்றோருக்கான செய்முறை

அமெரிக்காவில் தொடக்கப் பள்ளியில் படிக்கும் பிள்ளை கப் ஸ்கவுட் குழுவில் சேர்ந்த சில வாரங்களிலேயே, குடும்பத்தோடு ஓர் இரவு காட்டில் தங்க வருமாறு அறிவிப்பு வந்துவிடுகிறது. தமிழ்நாட்டில் குருளையர் என்று அழைக்கப்படும் வயதினர்தான் இங்கே கப் ஸ்கவுட்டுகள். கின்டர்கார்டன் முதல் ஐந்தாம் வகுப்பு வரையிலான பிள்ளைகள், 2018 முதல் பெண் குழந்தைகளும் சேர்ந்து, இதில் இருக்கிறார்கள். 1910-இல் தொடங்கி, 2025 பிப்ரவரியில் 'ஸ்கவுட்டிங் அமெரிக்கா' என்று பெயரை மாற்றிக்கொண்ட இந்த அமைப்பில், இச்சிறு வயதினரின் இரவு முகாமுக்குப் பெற்றோரும் உடன் செல்வதே வழக்கம். ஆகவே கூடாரத்தில் ஒருநாளும் படுத்திராத நம்மைப் போன்றோருக்கும் இது முதல் பாடமாக அமைந்துவிடுகிறது.

எங்கள் குழு நியூ ஜெர்சியின் வடமேற்கு மூலையில், சசெக்ஸ் கவுண்டியில் உள்ள ஸ்டோக்ஸ் மாநில வனத்தில் அக்டோபர் மாதம் முகாமிடுகிறது. கீழே உள்ளவை அந்த நிலத்தையும் அந்தக் குளிரையும் மனத்தில் வைத்து எழுதப்பட்டவை.

படி 1: மூன்று வாரங்களுக்கு முன்பே படிவங்களை முடியுங்கள்

ஓர் இரவு முகாமுக்கு வரும் ஒவ்வொருவரும், பெரியவர்கள் உட்பட, ஆண்டு உடல்நலப் படிவத்தின் ஏ, பி பகுதிகளை நிரப்பித் தர வேண்டும். 72 மணி நேரத்துக்கு மேற்பட்ட முகாம்களுக்குத்தான் மருத்துவர் கையெழுத்திடும் சி பகுதி தேவைப்படும். நம்மவர்கள் தடுமாறும் இடம் தடுப்பூசிப் பட்டியல். ஊரில் போட்ட ஊசிகளின் சீட்டு பலரிடம் இருப்பதில்லை. டெட்டனஸ் ஊசி பத்து ஆண்டுகளுக்குள் போட்டிருக்க வேண்டும் என்பதால், மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டுத் தேதியை உறுதி செய்துகொள்ளுங்கள்.

ஊரிலிருந்து வந்திருக்கும் தாத்தா, பாட்டியையும் அழைத்துச் செல்ல விரும்பினால், குழுத் தலைவரிடம் முதலிலேயே கேளுங்கள். தலைவராகப் பதிவு செய்யாமல் இரவு தங்கும் சலுகை, தம் பிள்ளையோடு வரும் பெற்றோருக்கும் சட்டப்படியான காப்பாளருக்கும் உரியது. பகலில் வந்து கலந்துகொண்டு மாலையில் திரும்புவதற்கு வழி இருக்கிறதா என்பதையும் அப்போதே கேட்டுக்கொள்ளலாம்.

இன்னொரு விதியையும் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். உங்கள் பிள்ளையோடு நீங்கள் ஒரே கூடாரத்தில் தூங்கலாம். வேறொரு வீட்டுப் பிள்ளையோடு எந்தப் பெரியவரும் தனித்திருக்கக் கூடாது. தெருவில் உள்ள எல்லாப் பிள்ளைகளையும் நம் பிள்ளைகளாகவே பார்த்து வளர்ந்த நமக்கு இது முதலில் உறுத்தலாம். ஆனால் குழந்தைகளின் பாதுகாப்புக்காக எல்லோருக்கும் பொதுவாக வகுத்த விதி இது. ஒருவரையும் சந்தேகித்து எழுதப்பட்டதன்று.

படி 2: கூடாரத்தை வீட்டிலேயே ஒருமுறை அடித்துப் பாருங்கள்

நான்கு பேருக்கானது என்று உறையில் எழுதியிருந்தால், நான்கு பேர் தோளோடு தோள் இடித்துப் படுக்கலாம் என்றுதான் பொருள். பைகளை வைக்க இடம் இராது. நால்வர் உள்ள குடும்பம் ஆறு பேர் கூடாரத்தை வாங்குவதோ இரவல் பெறுவதோ நல்லது.

வரவேற்பறையிலோ பின்கட்டிலோ பிள்ளையை வைத்துக்கொண்டு அதை விரியுங்கள். கம்புகளைக் கோப்பது, மேல்விரிப்பை மாட்டுவது ஆகியவற்றை ஏழு வயதுப் பிள்ளையால் செய்ய முடியும், நேரம்தான் ஆகும். அந்த நேரத்தை வீட்டில் கொடுத்துவிட்டால், முகாமில் இருட்டுவதற்கு முன் அடித்து முடிக்க வேண்டுமே என்ற பதற்றத்தில் வேலையைப் பிள்ளையின் கையிலிருந்து பிடுங்க மாட்டீர்கள். நம் வீடுகளில் அன்பின் பெயரால் பிள்ளைகளிடமிருந்து பறிக்கப்படுவது பெரும்பாலும் இத்தகைய வேலைகள்தாம் என்பது என் உறுதியான கருத்து.

கூடாரத்துக்கு அடியில் போடும் தரைவிரிப்பைப் பற்றி ஓர் எச்சரிக்கை. அது கூடாரத்தின் அடிப்பரப்பைவிடச் சற்றுச் சிறியதாக இருக்க வேண்டும். பெரியதாக இருந்தால் ஓரங்களை உட்புறமாக மடித்துவிடுங்கள். எங்கள் முதல் முகாமில் விரிப்பு நான்கு பக்கமும் ஒரு சாண் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. கூடாரத்தின் மேல் பெய்த மழை அந்த ஓரங்களில் தேங்கி அடியில் ஓடிவர, நள்ளிரவில் மகளைத் தூக்கிக்கொண்டு காருக்குப் போனோம். அவள் அடுத்த ஆண்டு வரத் தயங்கியதற்கு அந்த ஒரு சாண் விரிப்பே காரணம்.

படி 3: இரவுக் குளிருக்கு ஆயத்தமாகுங்கள்

பகலில் வெயில் இதமாக இருந்தாலும், அக்டோபர் இரவில் 5 டிகிரி செல்சியஸ் வரையிலோ அதற்குக் கீழோ இறங்கக்கூடும். ஸ்லீப்பிங் பேக்கில் 20 டிகிரி ஃபாரன்ஹீட் (சுமார் மைனஸ் 7 செல்சியஸ்) என்று குறித்திருப்பதைத் தேர்ந்தெடுங்கள். அதைவிட முக்கியமானது அடியில் விரிக்கும் பாய். உடம்பின் எடையால் பேக்கின் அடிப்பகுதி அமுங்கிவிடுவதால் அது வெப்பத்தைத் தடுப்பதில்லை; ஈர மண் இரவு முழுவதும் உடற்சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். விருந்தினருக்காக வீட்டில் வைத்திருக்கும் காற்று மெத்தை போதாது. உள்ளே இருக்கும் காற்றே குளிர்ந்து போவதால் அதன்மேல் படுத்தவர்களே அதிகம் நடுங்குகிறார்கள். அதன்மீது ஒரு நுரைப் பாயை விரித்தால் நிலைமை மாறும்.

படுக்குமுன் பிள்ளையின் உள்ளாடை, காலுறை வரை எல்லாவற்றையும் மாற்றுங்கள். ஓடியாடி வியர்த்த பருத்தித் துணி ஈரத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும். தலைக்குக் கம்பளிக் குல்லாய் அவசியம். எவ்வளவு குளிர்ந்தாலும் அடுப்பையோ எரியும் விளக்கையோ கூடாரத்துக்குள் கொண்டுபோகக் கூடாது. தீப்பிடிக்கும் அபாயத்தோடு கார்பன் மோனாக்சைடு நஞ்சும் சேர்ந்துகொள்ளும்.

படி 4: உணவைத் திட்டமிடுங்கள்

இரவு உணவைக் குழுவே சமைப்பதுண்டு. சைவம் என்றால் முன்கூட்டியே சொல்லுங்கள். சாப்பாட்டைவிடத் தீமூட்டத்தருகே தரும் மார்ஷ்மெல்லோ என்ற மெத்தென்ற இனிப்பில்தான் கவனம் தேவை. வழக்கமான மார்ஷ்மெல்லோவில் விலங்குகளிலிருந்து எடுக்கும் ஜெலட்டின் இருக்கிறது. ஜெலட்டின் இல்லாத பொட்டலம் ஒன்றைக் கையோடு கொண்டுபோனால், மற்றப் பிள்ளைகளோடு சேர்ந்து உங்கள் பிள்ளையும் குச்சியில் குத்தி வாட்டிச் சாப்பிடலாம்.

கட்டுச்சோறு நமக்குப் பழக்கமானதுதான். எனினும் சமைத்த சோற்றைக் குளிரூட்டாமல் இரண்டு மணி நேரத்துக்குமேல் வைப்பது நல்லதன்று. புளிக்காய்ச்சலை வீட்டிலேயே கிளறிப் பாட்டிலில் எடுத்துக்கொண்டு, சோற்றை மட்டும் முகாமில் வடித்துக் கலந்தால் கவலை இல்லை. வறுத்த ரவை, இட்லிப் பொடி, ஊறுகாய் ஆகியவை தாங்கும். தேங்காய்ச் சட்டினியை விட்டுவிடுங்கள். பால், தயிர் ஆகியவை நிறைய ஐஸ் போட்ட பெட்டியில் 4 டிகிரிக்குக் கீழே இருக்க வேண்டும்.

ஸ்டோக்ஸ் கருங்கரடிகள் வாழும் காடு. ஒரு பிஸ்கட் துண்டும் கூடாரத்துக்குள் இருக்கக் கூடாது. உணவு மட்டுமல்ல, பற்பசை, சோப்பு, மணமுள்ள களிம்பு எல்லாம் இரவில் பூட்டிய காருக்குள் போக வேண்டும். பிள்ளையின் சட்டைப் பைகளை நீங்களே ஒருமுறை துழாவிப் பாருங்கள். மிட்டாய் அங்கேதான் இருக்கும்.

படி 5: பிள்ளையின் பையைப் பிள்ளையே கட்டட்டும்

கப் ஸ்கவுட் ஒவ்வொருவரும் எடுத்துச் செல்ல வேண்டியவை ஆறு: முதலுதவிப் பொருள்கள், தண்ணீர் பாட்டில், டார்ச், கொறிக்க ஏதாவது, வெயில் களிம்பு, விசில். வழி தவறினால் நின்ற இடத்திலேயே நின்று மூன்று முறை விசில் ஊத வேண்டும் என்று சொல்லிக்கொடுங்கள். கத்தி வேண்டாம், அதற்குரிய பயிற்சியை முடித்த பிள்ளைகளுக்கே அதற்கு அனுமதி உண்டு.

படி 6: முகாமில் நாள் எப்படிப் போகும்

போனதும் முதலில் கூடாரம் அடியுங்கள். நிமிர்ந்து பார்த்து, பட்ட கிளை எதுவும் மேலே தொங்கவில்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். பள்ளமான இடம் வேண்டாம். பிறகு பிள்ளைகள் இருவர் இருவராகச் சேர்ந்தே எங்கும் போக வேண்டும் என்பதை நினைவுபடுத்தி அவர்களை விட்டுவிடலாம். எங்கள் குழு 1,653 அடி உயரமுள்ள சன்ரைஸ் மலையில் சிறிது தூரம் நடக்கும். அப்பலாச்சியன் நெடும்பாதை அந்த உச்சி வழியாகச் செல்கிறது.

விறகை வீட்டிலிருந்து கொண்டுபோகாதீர்கள். ஆஷ் மரங்களை அழிக்கும் ஒரு வண்டின் புழுக்கள் விறகுக்குள் இருந்தபடியே ஊர்விட்டு ஊர் பயணம் செய்கின்றன; 2002-இல் மிச்சிகனில் கண்டறியப்பட்ட அந்த வண்டு 2014-இல் நியூ ஜெர்சியிலும் காணப்பட்டது. முகாமுக்கு அருகிலேயே விறகை வாங்குங்கள்.

மாலைத் தீயைச் சுற்றிப் பிள்ளைகள் சிறு நாடகங்கள் நடிப்பார்கள், பாடுவார்கள். உங்கள் பிள்ளைக்குத் தெரிந்த தமிழ்ப் பாட்டு ஒன்றைக் கைதட்டலோடு பாடச் சொல்லுங்கள்; இரண்டாம் முறை பாடும்போது எல்லாப் பிள்ளைகளும் தட்டுவார்கள். முடிந்ததும் தண்ணீர் ஊற்றி, கிளறி, மீண்டும் ஊற்றி, சாம்பலின் சூடு அடங்கும் வரை தீயை விட்டு ஒருவரும் நகரக் கூடாது.

படி 7: ஞாயிற்றுக்கிழமை

குழுவினர் வரிசையாக நின்று நடந்து, தரையில் கிடக்கும் சிறு தாள்களையும் பொறுக்குவார்கள், நீங்களும் சேர்ந்துகொள்ளுங்கள். வீட்டுக்கு வந்தவுடன் பிள்ளையைக் குளிப்பாட்டி, காதின் பின்புறம், அக்குள், முழங்காலின் மடிப்பு, தலைமயிர் ஆகிய இடங்களில் உண்ணி இருக்கிறதா என்று பாருங்கள். லைம் நோயைப் பரப்பும் உண்ணிகள் இந்தப் பகுதியில் உண்டு. ஒட்டியிருந்தால் கூர்முனைச் சாமணத்தால் தோலுக்கு மிக அருகில் பிடித்து நேராக மேலே இழுங்கள். எண்ணெய் தடவுவதும் தீயால் சுடுவதும் கூடாது. பெரும்பாலும் ஒரு நாளுக்குமேல் ஒட்டியிருந்தால்தான் நோய் தொற்றும் என்பதால், அன்றே பார்த்துவிடுவது பெரும் பாதுகாப்பு. பின்வரும் வாரங்களில் காய்ச்சலோ, விரிந்துகொண்டே போகும் சிவந்த தடிப்போ தோன்றினால் மருத்துவரிடம் செல்லுங்கள்.

கூடாரத்தை உறைக்குள் வைத்தபடியே நிலவறையில் போட்டுவிடாதீர்கள். பார்வைக்குக் காய்ந்திருந்தாலும் அடிப்பக்கத்தில் பனி ஈரம் இருக்கும். ஒரே வாரத்தில் பூஞ்சணம் பிடித்து நாறிவிடும். அன்றிரவே மாடிப்படிக் கைப்பிடியிலோ கார் நிறுத்தும் இடத்திலோ விரித்துப் போட்டு, இரண்டு நாள் கழித்து, முளைகள் எத்தனை என்று பிள்ளையையே எண்ணவைத்து மடித்து வையுங்கள்.