ஆய்வுக் குழுவில் மாற்றுக் கருத்துகளுக்கு இடம் அளிப்பது எப்படி?

ஓர் ஆய்வுக் குழுவில் எல்லோரும் ஒரே கருதுகோளை நம்பத் தொடங்கிய பின், அதற்கு முரணான தரவு கிடைத்தாலும் அது அளவீட்டுப் பிழையாகவே பார்க்கப்படும். படிகங்களுக்குப் பொருந்தாது என்று பாடநூல்கள் விலக்கியிருந்த ஐந்துமடிச் சமச்சீரை (ஒரு முழுச் சுற்றில் ஐந்து முறை ஒரே போலத் தோன்றும் அமைப்பை) 1982-இல் ஓர் உலோகக்கலவையில் கண்ட டான் ஷெக்ட்மன், தாம் பணியாற்றிய குழுவை விட்டு வெளியேற நேர்ந்தது. அதே கண்டுபிடிப்புக்காக 2011-இல் அவர் வேதியியல் நோபல் பரிசு பெற்றார். இத்தகைய நிலையைத் தவிர்க்க நல்லெண்ணம் போதாது. நடைமுறைகளையே மாற்ற வேண்டும்.

சோதனையைத் தொடங்கும் முன்பே குறைந்தது மூன்று விளக்கங்களை எழுதி, எந்த முடிவு கிடைத்தால் எந்த விளக்கத்தைக் கைவிடுவீர்கள் என்பதையும் குறித்து வையுங்கள். காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு என்பது ஆய்வாளருக்கும் பொருந்தும் என்பதை உணர்ந்த நிலவியலாளர் டி. சி. சேம்பர்லின், பல கருதுகோள்களை ஒருசேரக் கையாளும் முறையை 1890-இலேயே வலியுறுத்தினார்.

குழுக் கூட்டத்தில் பேச்சு தொடங்குமுன் ஒவ்வொருவரின் கருத்தையும் எழுத்தில் பெற்றுவிடுங்கள். பிறகு, அண்மையில் சேர்ந்த மாணவர் முதலிலும் குழுத் தலைவர் இறுதியிலும் பேசட்டும். தலைவர் முந்திக்கொண்டால், மற்றவர்கள் அவரது கருத்தைத் திருத்துவார்களே தவிர, வேறொன்றை முன்வைக்கத் தயங்குவார்கள். மறுப்பதற்கென்று ஒருவரை நியமிப்பதைவிட, உண்மையிலேயே மாறுபடுபவரைத் தேடி அழைப்பதே சிறந்தது என்பது என் உறுதியான கருத்து. அவருடன் சேர்ந்து சோதனையை வடிவமைத்து, எந்த முடிவை இரு தரப்பும் ஏற்கும் என்பதை முன்கூட்டியே எழுதிக் கையொப்பமிடுங்கள்.

நிதி வழங்குவோர் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. மதிப்பீட்டாளர்கள் தரும் மதிப்பெண்களின் சராசரியை மட்டும் பார்த்தால், ஒருவர் மிகவும் விரும்பி மற்றொருவர் முற்றிலும் நிராகரித்த முன்மொழிவு, எவரையும் ஈர்க்காத பாதுகாப்பான முன்மொழிவிடம் தோற்றுவிடும். நியூசிலாந்து சுகாதார ஆய்வு மன்றம், புதுமையான ஆய்வுகளுக்கான தன் நல்கைகளில், தகுதி பெற்ற விண்ணப்பங்களுள் நிதி பெறுபவற்றை 2013 முதல் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்தது. சிறு நிதிகளுக்கேனும் இதைப் பின்பற்றலாம்.

எல்லாக் கருத்துக்கும் சம இடம் தர வேண்டியதில்லை. தன்னைப் பொய்ப்பிக்கக்கூடிய சோதனை எது என்று சொல்ல இயலாத கருத்தை ஒதுக்கலாம். ஆனால் சோதிக்கத்தக்க ஒன்றை ஒத்திவைக்கும்போது, அதற்கான காரணத்தைப் பதிவேட்டில் எழுதுங்கள். ஆல்ஃபிரட் வெகனர் 1912-இல் முன்வைத்த, கண்டங்கள் நகர்கின்றன என்னும் கண்டப் பெயர்ச்சிக் கருத்து, கடற்தரையின் காந்தத் தரவுகள் கிடைத்த 1960-களில்தான் பரவலாக ஏற்கப்பட்டது. எனவே புதிய கருவியோ புதிய தரவோ வரும்போதெல்லாம் அப்பதிவேட்டைத் திறந்து, ஒத்திவைத்த காரணம் இன்னும் நிற்கிறதா என்று குழுவாகச் சரிபாருங்கள்.