ரெட்ரோஆர்ச்சைத் திட்டுவதற்கு முன் ஒரு அரை மணி நேரம்

லாஸ்பேட்டையில் இருக்கும் அக்கா மகன் போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை போன் செய்தான். பழைய வீடியோ கேம்களை இன்றைய கருவிகளில் ஓட்டும் ரெட்ரோஆர்ச் என்ற மென்பொருளைப் பற்றித்தான். "மாமா, நீ சொன்னியேன்னு ரெட்ரோஆர்ச் போட்டேன், ஒண்ணுமே புரியல, எதை அமுக்குனாலும் பின்னாடி போவுது, அழிச்சிடப் போறேன்." காலையில்தான் பாண்டிச்சேரி சண்டே மார்க்கெட்டில் பேரம் பேசி ஒரு யுஎஸ்பி கேம்பேட் (கையில் பிடித்து விளையாடும் பட்டன் கருவி) வாங்கியிருக்கிறான், அந்தக் கோபமும் சேர்ந்துகொண்டது. நான் கடலூர் மஞ்சக்குப்பத்தில், அவன் அங்கே. போனிலேயே ஒவ்வொன்றாகச் சொல்லி முடிக்க அரை மணி நேரம் ஆனது. அன்று சொன்னதைத்தான் கொஞ்சம் வரிசைப்படுத்தி எழுதுகிறேன்.

முதலில் ஒரு விஷயம். இந்த மென்பொருளின் முகப்பைப் பற்றி வரும் புகார்களில் பாதி, மவுஸைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர்களிடமிருந்து வருகிறது. அந்த மெனுவோ, எட்டடி தள்ளி சோபாவில் கேம்பேடோடு உட்கார்ந்திருப்பவருக்காக வரைந்தது. 2010-ல் எஸ்எஸ்நெஸ் என்ற பெயரில் தொடங்கி 2012-ல் ரெட்ரோஆர்ச் ஆனது. இன்று விண்டோஸ், லினக்ஸ், மேக், ஆண்ட்ராய்டு, பழைய கேம் கருவிகளான நிண்டெண்டோ வீ, பிஎஸ்2 எல்லாவற்றிலும் ஓடுகிறது, 2024 மே முதல் ஐபோன் ஆப் ஸ்டோரிலும் உண்டு. இத்தனை இடத்திலும் ஓட வேண்டும் என்பதால் விண்டோஸ் பட்டன், மேக் மெனு எதையும் நம்பாமல் தன் மெனுவைத் தானே வரைந்துகொள்கிறது. அதனால்தான் உங்கள் கம்ப்யூட்டரில் அது விருந்தாளி மாதிரி நிற்கிறது.

படி 1: மெனுவை உங்களுக்கு ஏற்றதாக மாற்றுங்கள்

செட்டிங்ஸ் போய் டிரைவர்ஸ், அதற்குள் மெனு. அங்கே நான்கு பெயர்கள் இருக்கும். எக்ஸ்எம்பி என்பது பிஎஸ்3-யின் மெனு போல இடவலமாக ஓடும். ஓசோன், நிண்டெண்டோ ஸ்விட்சைப் பார்த்து வரைந்தது, இடது பக்கம் பட்டியல். ஜிஎல்யூஐ தொடுதிரைக்கு, போனில் அதுதான் சரி. ஆர்ஜியூஐ கட்டம் கட்டமான எழுத்தோடு விண்டோஸுக்கு முந்தைய டாஸ் காலத்து முகம், ஆனால் சக்தி குறைந்த கருவியிலும் திக்காமல் ஓடும். மாற்றிவிட்டு ஒருமுறை மூடித் திறங்கள். கம்ப்யூட்டரில் உட்கார்ந்து பழகுகிறவருக்கு ஓசோன் போதும், எக்ஸ்எம்பி அழகுதான், மவுஸுக்கு அது வனவாசம்.

மவுஸ் இல்லாமல் முடியாது என்றால் எஃப்5 அழுத்துங்கள். சாதாரண ஜன்னலாக ஒரு டெஸ்க்டாப் மெனு திறக்கும், மேலே மெனுபார் எல்லாம் இருக்கும், கேம் ஃபைலை இழுத்து உள்ளே விடலாம். இத்தனை நாள் திட்டியவர்களில் பலருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது, இதுவே என்னைக் கேட்டால் பெரிய புகார்: இருக்கிற வசதியை இப்படி ஒளித்துவைப்பார்களா?

எழுத்து சின்னதாக இருந்தால் யூசர் இன்டர்ஃபேஸ், அப்பியரன்ஸ், அங்கே ஸ்கேல் ஃபாக்டர். அவ்வளவுதான்.

படி 2: மிக்சியும் ஜாரும்

அடுத்த பெரிய குழப்பம் இந்த "கோர்". ஒரு மிக்சியை நினைத்துக்கொள்ளுங்கள். ரெட்ரோஆர்ச் வெறும் மோட்டார். கோர் என்பது ஜார், சட்னிக்கு ஒன்று, மாவுக்கு ஒன்று என்பது போல ஒவ்வொரு பழைய கருவிக்கும் ஒரு கோர். கன்டென்ட் என்பது நீங்கள் போடும் தேங்காய், அதாவது கேம் ஃபைல். ஜாரை மாட்டாமல் தேங்காயைக் கொட்டினால் என்ன ஆகும்? அதைத்தான் பலரும் செய்துவிட்டு "ஓடவே இல்லை" என்று எழுதுகிறார்கள். தப்பு அவர்கள் மேல் மட்டும் இல்லை, முதல் திரையிலேயே லோட் கோர், லோட் கன்டென்ட் என்று இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துவிட்டு எது முதலில் என்று சொல்லாமல் விட்டால் யாருக்குத்தான் புரியும்.

பழகுவதற்கு கேம் ஃபைலே தேவையில்லை. ஆன்லைன் அப்டேட்டர், கோர் டவுன்லோடர், அங்கே 2048 என்ற கோரை இறக்குங்கள். பிறகு லோட் கோர் போய் அதைத் தேர்ந்தெடுத்து, ஸ்டார்ட் கோர். எண்களைச் சேர்க்கும் அந்த விளையாட்டு நேராக ஓடும், காப்புரிமைப் பிரச்சினையும் இல்லை. ஸ்டீம் என்ற ஆன்லைன் கேம் கடை வழியாக நிறுவியவர்களுக்கு கோர்கள் அங்கேயே தனி டிஎல்சியாக, அதாவது கூடுதல் இணைப்பாக வரும்.

படி 3: எதை அமுக்குனாலும் பின்னாடி போவுது

அக்கா மகனின் பிரச்சினை இதுதான், இது தப்பும் இல்லை, பழைய வழக்கம். ரெட்ரோஆர்ச் உள்ளுக்குள் சூப்பர் நிண்டெண்டோ கேம்பேடை மனதில் வைத்திருக்கிறது. அதில் ஏ வலது பக்கம், பி கீழே. ஏ சரி, பி பின்னால். எக்ஸ்பாக்ஸ் வகை கேம்பேடில் கீழே இருப்பதுதான் ஏ. கை தானாகக் கீழே இருப்பதை அமுக்கும், மெனு அதை பி என்று எடுத்துக்கொண்டு பின்னால் போகும். செட்டிங்ஸ், இன்புட், மெனு கன்ட்ரோல்ஸ், அங்கே ஓகே-கேன்சல் இரண்டையும் இடம் மாற்றும் வரி இருக்கிறது, ஆன் செய்யுங்கள். சொன்னதும் அந்தப் பக்கம் ஒரு நிமிடம் சத்தமே இல்லை, அப்புறம் "அட!" என்று மட்டும் கேட்டது.

மார்க்கெட்டில் வாங்கிய பெயர் தெரியாத கேம்பேட் என்றால் பட்டன்களே தாறுமாறாக இருக்கலாம். இன்புட், போர்ட் 1 கன்ட்ரோல்ஸ், செட் ஆல் கன்ட்ரோல்ஸ். ஒவ்வொரு பட்டனாகக் கேட்கும், சில நொடிக்குள் அமுக்க வேண்டும், டீ குடித்துக்கொண்டே செய்கிற வேலை இல்லை. முடிந்ததும் சேவ் கன்ட்ரோலர் ப்ரொஃபைல் மறக்க வேண்டாம்.

விளையாட்டின் நடுவில் மெனுவுக்குத் திரும்ப எஃப்1. கேம்பேடில் அதே வேலைக்கு ஹாட்கீஸ் (குறுக்கு விசைகள்) பகுதியில் மெனு டாகிள் காம்போ என்று ஒன்று உண்டு, ஸ்டார்ட்டும் செலெக்டும் சேர்த்து அமுக்கினால் மெனு வருகிற மாதிரி வையுங்கள்.

படி 4: தேவையில்லாததை மறையுங்கள்

"இத்தனை செட்டிங்ஸ் எதுக்கு?" நியாயமான கேள்வி. யூசர் இன்டர்ஃபேஸ், மெனு ஐட்டம் விசிபிலிட்டி. நெட்ப்ளே (இணையம் வழியாகச் சேர்ந்து விளையாடுவது) வேண்டாம், மறை. ரெக்கார்டிங் வேண்டாம், மறை. அட்வான்ஸ்ட் செட்டிங்ஸைக் காட்டும் வரியையும் அணையுங்கள். பத்து நிமிடம் உட்கார்ந்து வெட்டினால் மெனு பாதியாகிவிடும்.

படி 5: மாற்றியது நிற்கவில்லையா

இங்கே கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள், ஏனென்றால் எனக்கே இதில் ஒரு முழு இரவு போயிருக்கிறது. பொதுவான அமைப்புகள் ஒரு ஃபைலில் இருக்கின்றன, ரெட்ரோஆர்ச் டாட் சிஎஃப்ஜி. அதற்கு மேல், பொது அமைப்பை மீறும் ஓவர்ரைடு என்று மூன்று அடுக்கு உண்டு: கோருக்கு ஒன்று, ஃபோல்டருக்கு ஒன்று, குறிப்பிட்ட கேமுக்கு ஒன்று. பிந்தியது முந்தியதை வெல்லும். எப்போதோ ஒரு கேமுக்கு ஓவர்ரைடு சேமித்துவிட்டு மறந்துபோயிருப்பீர்கள், பிறகு பொது செட்டிங்கில் எத்தனை முறை மாற்றினாலும் அந்த கேம் மட்டும் பழையபடியே வரும். குயிக் மெனுவில் ஓவர்ரைட்ஸ் போய்ப் பார்த்தால் குட்டு வெளிப்படும். திரையில் தெரியும் இந்த அமைப்பு எந்த அடுக்கிலிருந்து வருகிறது என்று அந்த வரியின் பக்கத்திலேயே ஒரு குறி போட்டால் இந்தத் தொல்லையே இல்லை. இதை வடிவமைப்புப் பிழை என்றே சொல்வேன்.

எல்லாம் குழம்பிப்போனால் மென்பொருளை மூடிவிட்டு அந்த சிஎஃப்ஜி ஃபைலின் பெயரை மாற்றுங்கள், திறந்ததும் புதியதாக ஒன்று எழுதிக்கொள்ளும். உங்கள் சேவ் ஃபைல்களுக்கு ஒன்றும் ஆகாது.

இதெல்லாம் வேண்டாம், எனக்கு சோனியின் கையடக்க பிஎஸ்பி கேம்கள் மட்டும் போதும் என்கிறவர் பிபிஎஸ்எஸ்பிபி-யைப் போடுங்கள். நிண்டெண்டோவின் கேம்க்யூபும் வீயும் என்றால் டால்ஃபின். ஒரே வேலை செய்பவை என்பதால் முகப்பு நேராக இருக்கும். பிபிஎஸ்எஸ்பிபி கம்ப்யூட்டரிலும் போன் ஆப் மாதிரிதான் பெரிய பெரிய பட்டனோடு நிற்கும், அது வேறு புகார்.

படி 6: இன்னும் புகார் இருந்தால்

இருக்கும். உதாரணத்துக்கு, டாஸ் கேமில் கீபோர்டில் பி (P) என்று தட்டினால் கேம் நின்றுவிடுகிறது, காரணம் அந்த விசை பாஸுக்கான ஹாட்கீ. விசைகளை எல்லாம் கேமுக்கே விட்டுவிடும் கேம் ஃபோகஸை ஆன் செய்தால் சரியாகும், ஆனால் அதற்கு இயல்பாகக் கொடுத்திருக்கும் விசை ஸ்க்ரோல் லாக், இப்போதைய லேப்டாப் பலவற்றில் அது கிடையாது. ஹாட்கீஸ் பகுதியில் வேறு விசைக்கு மாற்றிக்கொள்ளலாம், ஆனால் முதல் நாள் வருகிறவருக்கு அது எப்படித் தெரியும்?

இந்த மாதிரி ஒன்றை, மென்பொருளை எழுதுகிறவர்கள் புகார்களைப் பார்க்கும் கிட்ஹப் தளத்தில் எழுதும்போது "யூஐ மகா மோசம்" என்று எழுதினால் படிப்பவர் கொட்டாவி விட்டுவிட்டுப் போய்விடுவார். ஒரு புகாரில் ஒரே ஒரு விஷயம். இன்ஃபர்மேஷன், சிஸ்டம் இன்ஃபர்மேஷன் போய் பதிப்பு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள், எந்தக் கருவி, எந்த மெனு டிரைவர், கையில் மவுஸா கேம்பேடா, எதை அமுக்கினீர்கள், என்ன நடக்கும் என்று நினைத்தீர்கள், என்ன நடந்தது. மென்பொருள் மூடிக்கொள்கிறது என்றால் லாகிங் பகுதியில் லாக்கை (என்ன நடந்தது என்ற பதிவை) ஃபைலில் எழுதச் சொல்லி அதையும் சேருங்கள். எழுதுவதற்கு முன் அதே புகார் ஏற்கெனவே இருக்கிறதா என்று தேடுங்கள், இருந்தால் உங்கள் விவரத்தை அதன் கீழேயே போடுங்கள்.

அக்கா மகனுடைய ஸ்க்ரோல் லாக் புகாரை இப்போது இருவரும் சேர்ந்து எழுதிக்கொண்டிருக்கிறோம். முதல் வரியில் அவன் எழுதியிருந்த வார்த்தையை மட்டும் அழிக்கச் சொன்னேன்.